தாதியின் கையில் ஒரு தடிப்பு



டாக்டரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெத்தாஸ்கோப்பைப் பார்க்காதவர் இல்லை. 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அதைக் கண்டுபிடித்தவர் ரெனே லேனெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர். முதலில் காகிதத்தை இறுகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு மரத்தில் ஒரு குழாய் செய்துகொண்டார். அந்தக் குழாயைக் கொண்டு அவர் மிகுதியாக ஆராய்ந்தது காசநோயாளிகளின் நெஞ்சைத்தான். பத்தே ஆண்டுகள். 1826ல், நாற்பத்தைந்தாவது வயதில், அவரும் காசநோயாலேயே இறந்து போனார்.

அந்தக் காலத்தில் அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோய் என்றே பலரும் நம்பினார்கள். நோயாளியிடமிருந்து மருத்துவருக்கு வரக்கூடும் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. அப்போதும் ஒரு நம்பிக்கை மட்டும் போகவில்லை. ஒழுங்காக நடக்கும் மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து ஒன்றுமில்லை, வெளியில் இருப்பவர்களைவிட அவர்கள் பத்திரமாகவே இருக்கிறார்கள் என்று பெரிய பெரிய மருத்துவர்களே சொல்லி வந்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு சிறிய தோல் சோதனை. இன்றைக்கும் மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய அதே சோதனைதான் நடக்கிறது. அதனால் அதன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1890ல் கோக் இன்னோர் அறிவிப்புச் செய்தார். காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த, பின்னர் டியூபர்குலின் என்று பெயர் பெற்ற ஒரு சாற்றைப் பற்றி, இதுதான் மருந்து என்றார். உலகம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். மருந்து பலிக்கவில்லை. சிலருக்கு நோய் முற்றியதுதான் மிச்சம். ஆனால் மருந்தாகத் தோற்ற பொருள் சோதனையாக வென்றது. 1907ல் வியன்னாவில் வான் பிர்கே என்ற மருத்துவர் அதைத் தோலில் கீறிப் பார்த்தார். அடுத்த ஆண்டு பிரான்சில் ஷார்ல் மாண்டூ என்பவர் மெல்லிய ஊசியால் தோலுக்குள்ளேயே செலுத்தினார். உடம்புக்குள் காசநோய்க் கிருமி ஏற்கெனவே புகுந்திருந்தால், உடலின் காவல் அணுக்கள் அந்தச் சாற்றை அடையாளம் கண்டுகொண்டு அங்கே வந்து குவியும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்துவிடும். கிருமி புகவில்லை என்றால் ஒன்றும் நடக்காது.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு 1924 முதல் ஓஸ்லோ நகரின் உல்லெவால் மருத்துவமனையில் யோஹன்னஸ் ஹைம்பெக் என்ற மருத்துவர் ஒரு வேலை செய்தார். தாதிமைப் பயிற்சிக்குச் சேரும் பெண்கள் ஒவ்வொருவரையும் முதல் நாளே சோதித்து எழுதி வைத்தார். ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தடிப்பு இல்லை. நாட்டுப்புறங்களிலிருந்து வந்த ஆரோக்கியமான பெண்கள். மூன்றாண்டுப் பயிற்சி முடிந்து வெளியே போகும்போது மறுபடியும் சோதித்தார். ஏறக்குறைய எல்லோருக்கும் தடிப்பு வந்திருந்தது. நோயில் விழுந்தவர்களும் பெரும்பாலும் முதல் நாள் தடிப்பு இல்லாமல் வந்த பிள்ளைகளே. மருத்துவமனை அவர்களுக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது, கிருமியையும் சேர்த்தே கொடுத்தது.

ஹைம்பெக்கின் சாமர்த்தியம் ஊசியில் இல்லை. முதல் நாளே சோதித்து எழுதி வைத்தாரே, அதில்தான் இருக்கிறது. அந்த முதல் நாள் கணக்கு இல்லாவிட்டால், மூன்றாம் ஆண்டின் தடிப்பு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டிலிருந்தே வந்தது என்று மருத்துவமனை சொல்லிவிட்டுப் போயிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பேராக்கில் ஒரு சிறு பட்டணத்தைச் சேர்ந்த பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்து மூன்று. தாதிமைப் படிப்பை முடித்து ஒரு பெரிய மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் முதல் அரசாங்க உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த வாரம் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு மருந்தை ஊசியால் ஏற்றுகிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்து நிற்கிறது. அளந்தால் 12 மில்லிமீட்டர். மாலையில் அம்மாவுக்குப் போன் செய்கிறாள்.

"என்னம்மா சொல்றே? உனக்கு டிபியா?"

"டிபி இல்லம்மா. கிருமி உள்ளே இருக்கலாம்னு சொல்றாங்க. எக்ஸ்ரே எடுக்கணுமாம்."

"ரெண்டும் ஒண்ணுதானே? ஐயோ, தை மாசம் நிச்சயம் வெச்சிருக்கோம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க? யாருகிட்டயும் வாயைத் திறக்காதே. வேலையை விட்டுட்டு வந்துடு."

இந்த உரையாடல் கற்பனைதான். ஆனால் இதைக் கேட்டுத் தலையசைக்காத தாதி இருக்க மாட்டார். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். ரெண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. கிருமி உடம்புக்குள் புகுவது வேறு, நோய் வருவது வேறு. உலக மக்களில் நான்கில் ஒரு பங்கினர் உடலில் ஏதோ ஒரு காலத்தில் காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களின் உடம்பில் கிருமி உறங்கியே கிடக்கும். உறங்கும் கிருமி இருமலில் வெளியே வராது. அந்தப் பெண் அம்மாவைக் கட்டிப் பிடிக்கலாம், அக்காள் குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு எதுவும் இல்லை என்றால் வேலைக்குப் போகத் தடை இல்லை. விடுப்பும் தேவையில்லை.

அப்படியானால் ஏன் இத்தனை பாடு என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது. உறங்கும் கிருமி விழித்துக்கொள்வது பெரும்பாலும் உள்ளே புகுந்த முதல் இரண்டு ஆண்டுகளில். அதுவும் நீரிழிவு இருந்தால் விழிக்கும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. மலேசியாவில் நீரிழிவு மிகுந்த சமூகம் எது என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது. இப்போது இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கிருமி விழித்துக்கொண்ட தாதி எங்கே இருக்கிறார்? புற்றுநோய் மருந்து எடுப்பவர் பக்கத்தில், சிறுநீரகம் பழுதான பெரியவர் பக்கத்தில், பிறந்த குழந்தையின் பக்கத்தில். ஒரு சாதாரண இருமல் என்று எண்ணி மூன்று வாரம் வேலைக்கு வந்தால் என்ன ஆகும்?

சரி, 12 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் கிருமி புகுந்தது உறுதிதானா? இங்கேதான் நம் பகுதி மருத்துவமனைகளுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது.

நம் இடது தோளில் ஒரு தழும்பு இருக்கிறதல்லவா? அது பிசிஜி தடுப்பூசியின் தழும்பு. மலேசியாவில் 1961ல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து அந்த ஊசி போடப்படுகிறது. பிசிஜி என்பதும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுதான். வீரியம் இழந்த மாட்டுக் காசநோய்க் கிருமி. ஆகவே தோல் சோதனை சில சமயம் ஏமாந்து போகிறது. தடுப்பூசி போட்ட உடம்பையும் கிருமி புகுந்த உடம்பையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஆனால் எப்போது போட்ட ஊசி என்பதைப் பொறுத்து ஏமாற்றம் கூடும், குறையும். பிறந்தவுடன் ஒருமுறை போட்ட ஊசியின் பாதிப்பு பத்து ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்துவிடும். பள்ளிப் பருவத்தில் இரண்டாம் முறை போட்டிருந்தால் பல காலம் நிற்கும். மலேசியாவில் 12 வயதில் பள்ளிக்கூடத்தில் போட்டு வந்த அந்த இரண்டாவது ஊசி 2001ல் நிறுத்தப்பட்டது. சிங்கப்பூரிலும் மறு ஊசி அதே ஆண்டு நிறுத்தப்பட்டது.

இப்போது அந்த வார்டின் மூத்த சிஸ்டரைப் பாருங்கள். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அவர் கையிலும் 12 மில்லிமீட்டர் தடிப்பு. இளம் பெண் கையிலும் 12 மில்லிமீட்டர். அளவு ஒன்றே, பொருள் வேறு. சிஸ்டரின் தடிப்பு ஆறாம் வகுப்பில் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட ஊசியின் மிச்சமாக இருக்கலாம். இருபத்தைந்து ஆண்டு வார்டு வாழ்க்கை கொடுத்ததாகவும் இருக்கலாம். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் யாராவது சோதித்து எழுதி வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது. இளம் பெண்ணுக்கோ பிறந்தபோது போட்ட ஒரே ஊசிதான். அவள் தடிப்பை அலட்சியம் செய்ய முடியாது.

"எனக்குத்தான் தழும்பு இருக்கிறதே, டிபி வராது" என்று சொல்லும் ஊழியர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு தகவல். தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ல் உலகிலேயே மிகப் பெரிய பிசிஜி ஆராய்ச்சி தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் மக்கள் அதில் பங்கு பெற்றார்கள். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிய வந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் கடுமையான காசநோயைத் தடுப்பதால் அந்த ஊசி இன்றும் அவசியம். ஆனால் நாற்பது வயதுத் தாதிக்கு அது கவசம் அல்ல.

தோல் சோதனையின் இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ரத்தச் சோதனை. 2001ல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. பிறகு வந்த மேம்பட்ட சோதனைகளில், காசநோய்க் கிருமியில் இருந்து பிசிஜியில் இல்லாத இரண்டு புரதங்களைப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தை எடுத்து அந்தப் புரதங்களோடு ஓர் இரவு உடல் சூட்டில் வைக்கிறார்கள். கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் இருந்தால் அவை இண்டர்ஃபெரோன் காமா என்ற பொருளைச் சுரக்கும். அதை அளக்கிறார்கள். தடுப்பூசியால் ஏமாறாது. மூன்றாம் நாள் திரும்பி வந்து கையைக் காட்ட வேண்டியதும் இல்லை. இது சிறிய வசதி அல்ல. இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறிப் போகும் தாதி ஊசி போட்டுக்கொண்டு, பிறகு வரவே முடியாமல் போவது வழக்கம். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்காத தோல் சோதனை வீண். அப்படியே வந்தாலும் பலர் சிவந்த இடத்தை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பை.

அப்படியானால் ரத்தச் சோதனையை ஆண்டுதோறும் எல்லா ஊழியருக்கும் செய்துவிட்டால் போதுமே? அமெரிக்கர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் பட்ட பாடு கேட்கத் தக்கது.

1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் நியூயார்க், மயாமி நகர மருத்துவமனைகளில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வார்டுக்குள்ளேயே பரவியது. நோயாளிகள் இறந்தார்கள். ஊழியர்களும் சிலர் இறந்தார்கள். அதன் பிறகு 1994ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கடுமையான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஊழியர்களைக் குறித்த காலத்தில் திரும்பத் திரும்பச் சோதிக்கும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. அவசர காலத்தில் அது நியாயமான முடிவுதான். ஆனால் பரவல் அடங்கிய பிறகும் ஊசி மட்டும் அடங்கவில்லை. ரத்தச் சோதனை வந்த பிறகு ஒரு விசித்திரம் தெரிந்தது. நான்கு இடங்களில் 2500க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதித்த ஆய்வு ஒன்று 2014ல் வெளிவந்தது. தோல் சோதனையில் புதிதாகத் தடிப்புக் கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ரத்தச் சோதனையில் ஒரு வகையில் நூற்றுக்கு 6 பேர், மற்றொரு வகையில் 8 பேர் புதிதாகத் தொற்று உள்ளவர்களாக மாறினார்கள். அவர்களை ஆறு மாதம் கழித்து மறுபடியும் சோதித்தபோது முக்கால்வாசிப் பேருக்குத் தொற்று இல்லை என்று வந்தது!

கிருமி வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதா? அப்படி இல்லை. ரத்தக் குழாயைக் குலுக்கும் விதம், ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும் நேரம், அன்றைய உடல்நிலை, எல்லாம் சேர்ந்து எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்கும் எண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிடுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் ஊழியர்கள். அந்த ஆண்டு உண்மையிலேயே ஐந்து பேருக்குப் புதிதாகக் கிருமி புகுந்தது என்று கொள்வோம். சோதனை நூற்றுக்கு ஐந்து முறை தவறாக ‘ஆம்’ என்று சொல்லும் என்றும் கொள்வோம். ‘ஆம்’ என்று வருபவர்கள் ஏறத்தாழ ஐம்பத்தைந்து பேர். அவர்களில் உண்மையானவர்கள் ஐந்தே பேர். மற்ற ஐம்பது பேரும் எக்ஸ்ரே எடுத்து, பயந்து, வீட்டில் மறைத்து, சிலர் தேவையில்லாத மருந்தையும் விழுங்கி முடித்திருப்பார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் 2019 மே மாதம் அமெரிக்க மையம் தன் வழிகாட்டியை மாற்றியது. வேலைக்குச் சேரும்போது எல்லோரையும் சோதிக்க வேண்டும். நோயாளி ஒருவரிடம் பாதுகாப்பின்றிப் பழக நேர்ந்தால் உடனே ஒரு முறை, எட்டுப் பத்து வாரம் கழித்து மறுபடி ஒரு முறை சோதிக்க வேண்டும். இரண்டு மாத இடைவெளி ஏனென்றால், கிருமி புகுந்தாலும் சோதனையில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். மற்றபடி, மருத்துவமனைக்குள் பரவல் இல்லாதபோது வழக்கத்துக்காக ஆண்டுதோறும் சோதிக்க வேண்டாம். ஆபத்து எதுவும் இல்லாத ஒருவருக்கு ‘ஆம்’ என்று வந்தால், நம்புவதற்கு முன் இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.

இதை மலேசியா அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. அமெரிக்காவில் காசநோய் அரிது. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் பதிவானார்கள், 2023ல் அது 26 ஆயிரத்தைத் தாண்டியது. நம் வார்டுகளில் காசநோய் என்பது எப்போதோ வரும் விருந்தாளி இல்லை. இருமல் நோயாளி நாள்தோறும் வரும் அவசரப் பிரிவு, நெஞ்சு நோய் கிளினிக், சளியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம், பிரேதப் பரிசோதனைக் கூடம் ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களைக் குறித்த இடைவெளியில் கவனிக்கத்தான் வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவரை ஆண்டுதோறும் குத்துவதில் பயன் இல்லை. எல்லோருக்கும் ஒரே ஊசி என்பது பார்ப்பதற்குச் சமத்துவமாகத் தெரியும். ஆனால் பணம் ஒரே பை. கணக்கருக்குச் செலவான பணம் ஆய்வுக்கூட ஊழியரின் முகக்கவசத்துக்குப் போகாது.

ஊழியர் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள்? டாக்டர், தாதி என்றதும் பட்டியல் முடிந்துவிடுவதாக நினைப்பு. காலையில் வார்டைக் கூட்டித் துடைப்பவர், சாப்பாட்டுத் தட்டை எடுப்பவர், நோயாளியைத் தள்ளுவண்டியில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டு போகிற அட்டெண்டன், பதிவு முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெண், வாசல் காவலர், பயிற்சி மாணவர்கள். இவர்கள் அனைவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். மலேசிய அரசு மருத்துவமனைகளில் துப்புரவு, சலவை போன்ற பணிகள் 1997 முதல் தனியார் குத்தகைக்குப் போய்விட்டன. துடைப்பத்தைப் பிடித்திருப்பவர் மருத்துவமனையின் ஊழியர் அல்ல, குத்தகையாளரின் ஊழியர். குத்தகை கைமாறினால் அவருடைய சோதனைக் காகிதம் எங்கே போகும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அந்த வேலையில் நம்மவர்கள் பலர் இருப்பதால் நாமாவது கேட்க வேண்டும்.

பயத்துக்கும் இதில் பங்கு உண்டு. அரசு ஊழியருக்குப் பொது ஆணைகளில் காசநோய்க்குச் சிறப்பு விடுப்பு இருக்கிறது. குத்தகைத் தொழிலாளிக்கு அந்த ஆணை பொருந்தாது. அவர் சொக்சோ அலுவலகத்துக்குப் போய், இது வேலையால் வந்த நோய் என்று காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவார்? சேர்ந்த நாளில் கிருமி இல்லை என்ற காகிதம் இருந்தால் காட்டலாம். இருபத்து மூன்று வயதுத் தாதியின் அம்மா நினைக்கிறார், அந்தக் காகிதம் மகளுக்கு எதிரான சாட்சி என்று. உண்மையில் அது மகளுக்காகப் பேசும் சாட்சி.

அதே காகிதம் மருத்துவமனையைப் பற்றியும் பேசும். ஒரே வார்டில் ஓராண்டில் நான்கு பேருக்குப் புதிதாகத் தொற்று என்றால், கேட்க வேண்டியது அந்த நான்கு பேர் என்ன தவறு செய்தார்கள் என்பதல்ல. அந்த வார்டில் இருமல் நோயாளியை எத்தனை நாள் கழித்துப் பிரித்து வைத்தார்கள், ஜன்னல் ஏன் மூடியிருந்தது என்பதுதான். நாட்டு அளவிலும் உலகச் சுகாதார நிறுவனம் இப்படி ஓர் ஒப்பீடு செய்கிறது. ஊழியர்களிடையே காசநோய் விகிதம், பொதுமக்களின் விகிதத்தைத் தாண்டினால், மருத்துவமனைக்குள் பரவுகிறது என்று பொருள்.

ஜன்னல் என்று சொல்லும்போது, பெரு நாட்டின் லீமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 2007ல் வெளியான அந்த ஆய்வில், உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் 40 முறை காற்று மாறியது. புதிய கட்டடங்களில் 17 முறை. இயந்திரம் வைத்த தனி அறைகளில் 12. வெள்ளைக்காரன் காலத்து நீண்ட வார்டுகளை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவரும் ஏர்கோனுமாகக் கட்டும்போது இதையும் எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ.

அந்த இளம் தாதிக்குத் திரும்புவோம். எக்ஸ்ரே சுத்தம். ரத்தச் சோதனையிலும் தொற்று என்று வந்துவிட்டது. இனி என்ன? முன்பெல்லாம் ஐசோனியாசிட் மாத்திரையை ஆறு அல்லது ஒன்பது மாதம் தினமும் விழுங்க வேண்டும். பாதியில் விட்டவர்கள் ஏராளம். நோயே இல்லாதபோது தினமும் மருந்து சாப்பிட யாருக்கு மனம் வரும்? இப்போது குறுகிய முறைகள் வந்துவிட்டன. ரிஃபாம்பிசின் நான்கு மாதம் சாப்பிடலாம். இரண்டு மருந்து சேர்த்து மூன்று மாதம் சாப்பிடலாம். வாரம் ஒரு முறை, மொத்தம் பன்னிரண்டே வேளை என்ற முறையும் உண்டு. எது யாருக்கு ஏற்றது என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

மருந்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்று. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் கருத்தடை மாத்திரை, சில நீரிழிவு மாத்திரைகள் இவற்றின் வேலையை அது குறைத்துவிடும், ஆகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கண் மஞ்சளானாலோ, பசியே இல்லாமல் வாந்தி வந்தாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்கு ஓட வேண்டும். அது கல்லீரல் கொடுக்கும் எச்சரிக்கை. மது அருந்துபவர்கள் இந்தச் சில மாதமாவது அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மருந்து முடிந்த பிறகு சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம். சிகிச்சை பலித்தாலும் சோதனை பெரும்பாலும் ‘ஆம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், உடம்பின் ஞாபகம் அழிவதில்லை. தெரியாத மேலாளர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஊசிக்கு அனுப்பினால், முடித்த சிகிச்சையின் கடிதத்தைக் காட்டினால் போதும். அதற்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை இருமல், காய்ச்சல், எடைக் குறைவு உண்டா என்று கேட்பதுதான் முறை. முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஊழியருக்கும் அவரைக் கவனிக்கும் மருத்துவருக்கும் உண்டு. வார்டில் உள்ள மற்றவர்களுக்கு இல்லை. பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே அடுத்த ஆண்டு யாரும் மனம் ஒப்பிச் சோதனைக்கு வர மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு? அதற்கும் தடை இல்லை. குழந்தைப்பேற்றைப் பற்றி எண்ணுபவர்கள் மருந்தை எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் போதும். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அவர்களில் எத்தனை பேர் உடம்பில் அதே கிருமி உறங்கிக் கிடக்கிறதோ, யார் சோதித்துப் பார்த்தார்கள்!

"அப்ப இன்னிக்கு ராத்திரி வேலைக்குப் போறியா?" என்று அம்மா கேட்கிறார்.

"போறேம்மா. மாத்திரை போட்டுட்டேன். புது பேஷண்ட் ஒருத்தர் ரெண்டு வாரமா இருமுறாராம், முதல்ல அவரைத் தனி ரூமுக்கு மாத்தணும்."